மூன்று வட்டங்கள் சந்தித்த இடம்

கிழக்குத் தாம்பரத்தில், ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில் இருந்த அந்தத் துப்பறியும் அலுவலகத்தில் காலையிலிருந்து யாரும் பேசவில்லை. உதவியாளர் கோகிலவாணி வாயை மூடிக்கொண்டு இருப்பதே அங்கே ஒரு புலனாய்வுக்குரிய விஷயம்.

மேஜைக்குப் பின்னால் அசரியா தன் போனில் ஒரே வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தார். கீழ்க்கட்டளை சமுதாயக்கூடம். கூட்டத்துக்கு நடுவே அவரே நிற்கிறார், கையில் ஒரு துண்டு வயர். "ஞாயித்துக்கிழமை வந்தது நிலநடுக்கம் இல்ல. வெடி. வெச்சவர் இதோ உக்காந்திருக்கார்" என்று விரலை நீட்டுகிறார். விரல் போன பக்கத்தில் குவாரி சுப்பராயலு, பாதி எழுந்தும் எழாமலும், வேட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். கூட்டம் கைதட்டுகிறது.

அந்தக் கைதட்டலை முதல் தடவை பார்த்தபோது அசரியாவுக்கு இனித்தது. இப்போது நாக்கில் கசப்பாக ஏதோ இருந்தது. ஏனென்று அவருக்கே சரியாகத் தெரியவில்லை. அன்று இரவே போலீஸ் சுப்பராயலுவை அழைத்துப் போய்விட்டது. அவர் வீட்டு ஜன்னல்களை யாரோ கல்லால் அடித்திருந்தார்கள்.

நடந்தது இதுதான். ஞாயிற்றுக்கிழமை காலை அஸ்தினாபுரத்திலிருந்து கீழ்க்கட்டளை வரைக்கும் தரை ஒரு குலுக்குக் குலுங்கியது. குவாரி ரோட்டில் இருந்த பழைய கல்யாண மண்டபத்தின் மதில் சரிந்து, அதை ஒட்டி இட்லிக்கடை போட்டிருந்த தாயாரம்மாள் மேல் விழுந்தது. இரண்டு காலும் முறிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். டிவிக்காரர்கள் நிலநடுக்கம் என்றார்கள். குடியிருப்போர் சங்கத்தில் பலர் அதை நம்பவில்லை. சங்கத் தலைவர் ஜோனத்தான் ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர். அவர்தான் அசரியாவைக் கூப்பிட்டு உண்மையைக் கண்டுபிடிக்கச் சொன்னார். அசரியா இரண்டே நாளில் கண்டுபிடித்தார்.

கதவு தட்டப்பட்டது. ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி ஒரு பெண் நின்றாள். நாற்பது வயது இருக்கும்.

"அசரியா நீங்கதானே? நான் ஜெயசீலி. நிலநடுக்கப் பதிவு மையத்துல விஞ்ஞானியா இருக்கேன். வீடு குரோம்பேட்டை. உங்க வீடியோ எங்க அபார்ட்மென்ட் குரூப்ல வந்துச்சு."

"ஆட்டோகிராஃபா மேடம்? சார் பேனா கூடவே வெச்சிருப்பார்" என்றாள் கோகிலவாணி.

"இல்ல. ஒரே ஒரு கேள்வி. கிளம்பின இடம் அந்தக் குவாரிதான்னு எப்படி முடிவு பண்ணீங்க?"

அசரியா நிமிர்ந்து உட்கார்ந்தார். இது அவருக்குப் பிடித்த கேள்வி. "விரிசல் விட்ட வீடுங்களை எல்லாம் மேப்ல குறிச்சேன் மேடம். அத்தனையும் குவாரி ரோட்டைச் சுத்தித்தான். மதில் விழுந்ததும் அங்கதான். சேதம் எங்க அதிகமோ அங்கதானே கிளம்பியிருக்கணும்? போய்ப் பாத்தேன். குவாரிக்குள்ள வெடி வயர் கிடந்தது."

"மூடிப் பல வருஷம் ஆன குவாரில பழைய வயர் கிடக்காம, மல்லிப்பூவா கிடக்கும்?" என்றாள் ஜெயசீலி. பிறகு குரலைத் தணித்துக்கொண்டாள். "குவாரி ரோடு முன்னாடி என்னவா இருந்தது?"

"ஏரி மேடம்" என்றாள் கோகிலவாணி. "மண்ணைக் கொட்டி பிளாட் போட்டாங்க."

"கொட்டின மண்ணு கிண்ணத்துல இருக்கற தயிர் மாதிரி. மேஜையை லேசாத் தட்டினா மேஜை ஆடாது, தயிர் ஆடும். எங்கயோ தட்டினது அந்த ரோட்டுல பெருசா ஆடியிருக்கு. மதிலும் ஏற்கெனவே சாஞ்சு நின்னதுன்னு கேள்விப்பட்டேன். அதிகம் ஆடின இடம்தான் கிளம்பின இடம்னு கிடையாது சார்."

அசரியாவின் காதுமடல் சூடேறியது. "அப்ப கிளம்பின இடத்தை எப்படிதான் கண்டுபிடிக்கிறது?"

ஜெயசீலி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "பூமிக்குள்ள ஒண்ணு உடைஞ்சா ரெண்டு வகை அலை கிளம்பும். ஒண்ணு வேகமா வரும். இன்னொண்ணு மெதுவா வரும். கிளம்பும்போது ரெண்டும் ஒண்ணாத்தான் கிளம்பும். தூரம் போகப் போக நடுவுல இடைவெளி கூடிக்கிட்டே போகும்."

"புரிஞ்சுச்சு" என்றாள் கோகிலவாணி. "தாம்பரத்துல ஃபாஸ்ட் லோக்கலும் ஸ்லோ லோக்கலும் ஒண்ணா எடுக்கறாங்க. பல்லாவரத்துல நின்னா ரெண்டும் ஒட்டிக்கினு வரும். எக்மோர்ல நின்னா நடுவுல ஒரு டீயே குடிக்கலாம்."

"அதேதான். எத்தனை டீன்னு பாத்து ரயில் எவ்வளவு தூரத்துலருந்து வருதுன்னு சொல்லிடலாம். ஆனா திசை தெரியாது. அதனால கருவியை நடுவுல வெச்சு ஒரு வட்டம் போடுவோம். வட்டத்து மேல எங்க வேணா இருக்கலாம். இன்னொரு கருவில இன்னொரு வட்டம். ரெண்டும் ரெண்டு இடத்துல வெட்டும். மூணாவது வட்டம் அதுல எந்த இடம்னு சொல்லிடும்."

"ஞாயித்துக்கிழமை எத்தனை கருவில பதிஞ்சது?"

"ஒண்ணே ஒண்ணுல. அதுவும் லேசா."

"டிவில ரிக்டர்ல மூணு புள்ளி அஞ்சுன்னாங்களே?"

"யாரோ போன்ல கிளப்பி விட்டது. மூணுக்கு மேலன்னா காஞ்சிபுரத்துல பாத்திரம் உருண்டிருக்கும், அத்தனை கருவியும் எழுதியிருக்கும். இது ஒண்ணரை கூடத் தேறாது. ஒண்ணரைக்கும் மூணரைக்கும் ரெண்டுதானே வித்தியாசம்னு நினைக்காதீங்க. ஒவ்வொரு படிக்கும் ஆட்டம் பத்து மடங்கு, சக்தி முப்பது மடங்குக்கு மேல. நம்பர் கிளம்பின இடத்தோட பலத்துக்கு. பல்புல எத்தனை வாட்னு போட்டிருக்கறது ஒண்ணுதான். வெளிச்சம் நீங்க உக்காந்திருக்கற இடத்தைப் பொறுத்தது."

அவள் எழுந்தாள். "வெடின்னு சொன்னீங்க பாருங்க, அதுல எனக்குச் சண்டை இல்ல. அலையோட ரூபமும் வெடி மாதிரிதான் இருக்கு. ஆனா சின்ன வெடி. எங்கன்னு எங்களாலயே சொல்ல முடியல. எங்ககிட்ட ஒரே வட்டம்தான் இருக்கு. நாங்க வாயைத் திறக்கல. நீங்க ஒரு வட்டமும் இல்லாம ஒரு மனுஷனைக் காட்டிட்டீங்க."

அவள் படியிறங்கிப் போனாள். அசரியா ஸ்கூட்டர் சாவியை எடுத்தார்.

"எங்க சார்?"

"கீழ்க்கட்டளைக்கு. தப்பா இருந்தா தப்புன்னு தெரியட்டும்."

"அன்னிக்கே சொன்னேன்" என்றாள் கோகிலவாணி. "அந்த வயர் என் வயசு இருக்கும்னு சொன்னேன். நீங்க ஜோக்குன்னு நினைச்சு சிரிச்சுட்டீங்க."

குவாரி ரோட்டு முனையில் ஒரு டீக்கடை. மதில் விழுந்த காட்சி அந்தக் கடை கேமராவில்தான் பதிவாகியிருந்தது. அசரியா அதை முன்பே பார்த்தவர்தான். ஆனால் கூட்டத்தில் போட்டுக் காட்டுவதற்காக, சத்தத்தை அணைத்துவிட்டு, மதில் விழுகிற இடத்தை மட்டும் பார்த்திருந்தார்.

"சத்தத்தோட போடுங்க மாஸ்டர்" என்றார் இப்போது.

திரையில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. மூலையில் ஓடிய நேரமோ நள்ளிரவைத் தாண்டியிருந்தது.

"கேமரா அமெரிக்கக் கம்பெனில வேலை பாக்குது போல" என்றாள் கோகிலவாணி.

தட்டில் அடுக்கியிருந்த கண்ணாடி டம்ளர்கள் திடீரென்று கலகலவென்று நடுங்கின. டீ ஆற்றிக்கொண்டிருந்த மாஸ்டர் தலையைத் தூக்கினார். தூரத்தில் மதில் சரிந்தது. யாரோ கத்தினார்கள். அதற்கும் பிறகுதான், எங்கிருந்தோ, அமுங்கலாக ஒரு சத்தம் வந்தது. டமால்.

"இன்னொரு தடவை."

மறுபடி. டம்ளர் நடுங்கியது. இடைவெளி. டமால்.

அசரியா திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "கோகிலா, உன் ரெண்டு ரயில். தரைக்குள்ள வந்தது ஃபாஸ்ட் லோக்கல். காத்துல வந்த சத்தம் ஸ்லோ லோக்கல்."

கோகிலவாணி ஒரு கணம் யோசித்தாள். "அப்ப கேமரால எந்த நேரம் ஓடினாலும் கவலை இல்ல. ரெண்டுக்கும் நடுவுல எவ்ளோன்னு மட்டும் தெரிஞ்சா போதும்."

அசரியா அங்கேயே நின்று ஜெயசீலிக்குப் போன் போட்டார். டம்ளர் நடுக்கத்துக்கும் சத்தத்துக்கும் நடுவே இடைவெளி இருப்பதைச் சொன்னார்.

"நல்லா யோசிச்சிருக்கீங்க சார்" என்றாள் அவள். "இந்தத் தூரத்துல தரை அலை வந்து சேர நேரமே ஆகாதுன்னு வெச்சுக்கலாம். சத்தம் மூணு செகண்டுக்கு ஒரு கிலோமீட்டர் போகும். இடைவெளி எவ்வளவு?"

"ஆறு செகண்ட்."

"அப்ப ரெண்டு கிலோமீட்டர்."

அசரியா மெதுவாகத் திரும்பிப் பார்த்தார். டீக்கடைக்குப் பின்னால், கல்லெறி தூரத்தில், சுப்பராயலுவின் குவாரிப் பள்ளம் தண்ணீர் நிரம்பிக் கிடந்தது. அங்கே வெடித்திருந்தால் நடுக்கமும் சத்தமும் ஒட்டிக்கொண்டே வந்திருக்கும். இந்த ஒரு பதிவு போதும். முதல் நாளே சத்தத்தோடு கேட்டிருந்தால் போதும்.

"இன்னா சார்?" என்று பின்னால் ஒரு குரல். "இன்னும் எதுனா பாக்கி கீதா?"

சுப்பராயலுவின் மனைவி கங்கையம்மாள். கையில் டிபன் கேரியர். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. குரலில் கோபம் இல்லை. அசரியா கோபத்தை எதிர்பார்த்திருந்தார். அது இல்லாதபோது எங்கே பார்ப்பதென்று அவருக்குத் தெரியவில்லை.

"ஸ்டேஷன்ல சோறு குட்க்க வுடமாட்றாங்க சார். ரெண்டு வேளையா திருப்பி எத்துக்கினு வரேன். அதுக்கு சக்கர வியாதி, டயத்துக்குத் துன்னணும். நீ ஒரு வார்த்த சொன்னா வுடுவாங்கன்னு பக்கத்து வூட்டுல சொன்னாங்கோ. பெரிய ஆளாமே நீ. டிவில எல்லாம் வந்தியே."

"சொல்றேம்மா" என்றார் அசரியா. ஸ்டேஷனுக்குப் போன் போட்டு, சாப்பாட்டை உள்ளே விடச் சொன்னார். அந்தப் பக்கம் இருந்த ஏட்டு, "நீங்களே சொல்றீங்களா சார்? நீங்க காட்டின ஆளாச்சே" என்று சிரித்தார்.

"ரொம்ப நன்றி சார்" என்று கங்கையம்மாள் கும்பிட்டாள்.

அந்தக் கும்பிடு அவர் மேல் பட்டபோது அசரியா ஓரடி பின்னால் நகர்ந்தார். ஸ்கூட்டரில் ஏறியதும் கோகிலவாணி கேட்டாள்: "உண்மையைச் சொல்லியிருக்கலாமே சார், அவங்ககிட்ட?"

"யார் செஞ்சதுன்னு தெரியாம போய், 'உன் புருஷன் இல்ல'ன்னு சொன்னா போலீஸ் விடுமா? முதல்ல ஆளைக் கண்டுபிடிப்போம்" என்றார். அது உண்மைதான். ஆனால் சொல்லாததற்குக் காரணம் அது இல்லை என்பது இருவருக்குமே தெரிந்தது.

அஸ்தினாபுரத்தில் எட்டுக் கடை ஏறி இறங்கினார்கள். கேமரா இருந்த இடத்தில் மைக் இல்லை. மைக் இருந்த இடத்தில் பதிவு அழிந்துவிட்டது. கடைசியில் மீன்தொட்டி விற்கும் ஒரு கடையில் அதிர்ஷ்டம் அடித்தது. தொட்டித் தண்ணீர் மொத்தமும் சிலிர்த்து, தங்கமீன்கள் மூலைக்கு ஓடின. அதற்கப்புறம் சத்தம். இடைவெளி நாலரை செகண்ட்.

"ஒண்ணரைக் கிலோமீட்டர்" என்றார் அசரியா. கடைக்காரரிடம் நூல்கண்டு வாங்கி, மேப்பை ஸ்கூட்டர் சீட்டில் விரித்து, கோகிலவாணியின் ஐப்ரோ பென்சிலில் நூலைக் கட்டி வட்டம் போட்டார். பிறகு டீக்கடையை நடுவில் வைத்து இன்னொரு வட்டம். இரண்டும் இரண்டு இடத்தில் வெட்டின. ஒன்று ஆளே இல்லாத காட்டுப் பக்கம். இன்னொன்று பாறை மேட்டில் இருந்த எபனேசர் காலனி.

"காட்டுல வெடி வெச்சு மானுக்கு வீடு கட்டறாங்களா என்ன?" என்றாள் கோகிலவாணி. "காலனிதான் சார்."

"இருக்காது. அங்க எல்லாரும் டீச்சருங்க, ஆபீஸ் போறவங்க. நம்ம ஜோனத்தான் சாரும் அங்கதான் இருக்கார். வெடி வெச்சா அவருக்கே தெரிஞ்சிருக்குமே."

சொல்லி முடிக்கும்போதே அவருக்கு உறைத்தது. வட்டத்தைப் பார்க்காமல் ஆட்களைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறார், மறுபடியும். வாயை மூடிக்கொண்டார்.

"மூணாவது வட்டம் வேணும்" என்றார்.

"ஞாயித்துக்கிழமை காலைல காலனி மொத்தமும் சர்ச்ல இருந்திருக்கும். வீட்ல யாரும் இல்ல, கேமராவுல நாய்தான் இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே கோகிலவாணி போனைத் தட்டினாள். "ஆனா காலனிக்குள்ளயே இருக்கற அந்த சர்ச்சுக்கு யூடியூப் சேனல் இருக்கு சார். லைவ் போட்டிருக்காங்க."

ஒரு வேப்பமரத்து நிழலில் நின்று பார்த்தார்கள். பீடத்துக்குப் பக்கத்தில் பாடகர் குழு. கீபோர்டு, கிட்டார், பின்னால் ட்ரம்ஸ். முன்வரிசையில் வெள்ளை ஜிப்பாவில் ஜோனத்தான் கைதட்டிப் பாடிக்கொண்டிருந்தார். திடீரென்று பிரசங்க மேடையில் இருந்த தண்ணீர் கிளாஸ் தள்ளாடியது. பாட்டு தடுமாறி நின்றது. யாரோ "ஸ்தோத்திரம்!" என்று அலறினார்கள். ஜோனத்தான் முன்னால் வந்து மைக்கை வாங்கி, "பயப்படாதிருங்க, நிலநடுக்கம், ஜெபம் பண்ணுவோம்" என்றார்.

"வெடிச்சத்தமே இல்லையே" என்றார் அசரியா.

"இருங்க, இருங்க." கோகிலவாணி கொஞ்சம் பின்னால் தள்ளி, மெதுவாக ஓடவிட்டாள். "ட்ரம்ஸ்காரனைப் பாருங்க. பாட்டு முழுக்கப் பெரிய ட்ரம்மை காலால மிதிச்சுக்கினே இருக்கான். கிளாஸ் ஆடுது. பயந்துட்டான். குச்சி ரெண்டும் தலைக்கு மேல. காலைத் தூக்கி ஸ்டூல் மேல வெச்சுட்டான். இப்ப கேளுங்க."

திம்.

"அடிக்காத ட்ரம் எப்படி சார் அடிக்கும்?"

அசரியா மூன்று முறை கேட்டார். கிளாஸ் ஆடியதற்கும் அந்த அடிக்கும் நடுவே ஒரு செகண்டு. அவ்வளவுதான். ட்ரம்ஸ் முழக்கத்தோடு முழக்கமாக அது எல்லார் காதிலும் கலந்துபோயிருந்தது. மூன்றாவது வட்டத்தைப் போட நூலை மிகவும் சின்னதாகப் பிடிக்க வேண்டியிருந்தது. காட்டுப் பக்கம் அது எட்டவே இல்லை. மற்ற இரண்டு வட்டங்களும் வெட்டிய இடத்தை ஒட்டி, சர்ச்சிலிருந்து இரண்டு தெரு தள்ளி, பாறை மேட்டின் ஓரத்தில் போய் நின்றது.

அங்கே போய்ச் சேர்ந்தபோது வெயில் சாயத் தொடங்கியிருந்தது. புதிதாகக் கட்டுகிற வீடு. அஸ்திவாரப் பள்ளத்தின் மேல் நீலத் தார்ப்பாய் விரித்து, ஓரமெல்லாம் கல் வைத்து அழுத்தியிருந்தது. கோகிலவாணி ஒரு மூலையைத் தூக்கினாள். பாறை புதிதாகப் பிளந்து கிடந்தது. பிளந்த முகத்தில், மேலிருந்து கீழாகத் துளை போட்ட தடங்கள் வரிசையாகப் பாதிப் பாதியாகத் தெரிந்தன.

"சார்" என்றாள் அவள், வேலியில் கட்டியிருந்த பலகையைக் காட்டி. குரலில் கிண்டல் இல்லை.

கட்டிட உரிமையாளர்: ஜெர்சன் ஜோனத்தான்.

பக்கத்து வீட்டு வாசலில் ஜோனத்தானே நின்றுகொண்டிருந்தார். அவர்கள் தார்ப்பாயைத் தூக்கியதைப் பார்த்துவிட்டார். ஜெர்சன் அவருடைய மகன்; வெளிநாட்டில் இருக்கிறான். அவனுக்காக அப்பாதான் நின்று கட்டுகிறார்.

"வாங்க அசரியா, உள்ள வாங்க" என்றார். "அது கெமிக்கல் பவுடர். துளையில ஊத்தினா பாறை தானா விரிஞ்சுடும். சத்தமே வராது. காண்ட்ராக்டர் அப்படித்தான்…"

"சத்தம் வந்துச்சு சார்" என்றார் அசரியா. "உங்க சர்ச் வீடியோலயே இருக்கு. நீங்க ஜெபம் பண்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி."

ஜோனத்தான் வாசல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். ஒரு நிமிஷத்தில் அவர் முகம் வயதாகிவிட்ட மாதிரி இருந்தது.

"அப்ப எனக்குத் தெரியாது" என்றார். "ஆண்டவர் சத்தியமா அந்த நிமிஷம் தெரியாது. பவுடர்னு சொல்லித்தான் காண்ட்ராக்டர் ஆரம்பிச்சான். எல்லாரும் சர்ச்சுக்குப் போற நேரமா பாத்து வெடி வெச்சுட்டான். ஆராதனை முடிஞ்சு வந்து பள்ளத்தைப் பாத்தேன். தெரிஞ்சுபோச்சு. அதுக்குள்ள அந்த அம்மா மேல சுவர் விழுந்த சேதி வந்துடுச்சு. சாயங்காலம் ஜெபக்கூட்டத்துல தாயாரம்மாளுக்காக ஜெபம் பண்ணச் சொன்னாங்க. பண்ணேன். தெரிஞ்சே நின்னு, கண்ணை மூடிக்கிட்டுப் பண்ணேன்."

"அப்புறம் என்னை எதுக்கு சார் கூப்பிட்டீங்க?" அசரியாவின் குரல் உயர்ந்தது. "ஒரு அப்பாவியைப் பிடிச்சுக் குடுக்கவா? என்னை வெச்சு விளையாடினீங்களா?"

ஜோனத்தான் தலை நிமிர்ந்தார். கண் கலங்கியிருந்தாலும் பார்வை நேராக இருந்தது.

"நான் சுப்பராயலு பேரைச் சொல்லவே இல்ல தம்பி. நல்லா யோசிச்சுப் பாருங்க. சங்கத்துல எல்லாரும் கேட்டாங்க, நிலநடுக்கமா இல்லையான்னு ஒரு நல்ல ஆள் விசாரிச்சுச் சொல்லட்டும்னு. சரின்னு உங்களுக்குப் போன் பண்ணேன். குவாரி ரோட்டுல மதில் விழுந்துடுச்சுன்னுதான் சொன்னேன். நீங்கதான் உடனே, 'அந்தக் குவாரிக்காரனா? லாரியும் ரவுடித்தனமுமா சுத்துவானே, அவன் செய்யக்கூடியவன்தான்' அப்படின்னீங்க. நான் ஆமான்னு ஒரு வார்த்தை சொன்னேன். அதுதான் என் பாவம். அந்த ஒரு வார்த்தை. மீதியை நீங்களே பண்ணிட்டீங்க."

அசரியாவுக்கு அந்தப் போன்பேச்சு வரி பிசகாமல் ஞாபகம் வந்தது. சுப்பராயலுவை அதற்குமுன் அவர் ஒரே ஒருமுறைதான் பார்த்திருந்தார், ஒரு டீக்கடையில், யாரிடமோ சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தபோது. சத்தமான பேச்சு, லுங்கி, லாரி. அது போதுமாக இருந்திருக்கிறது. இந்தப் பக்கம் வெள்ளை ஜிப்பா, அடக்கமான குரல், தன்னைப் போலவே ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போகிற மனிதர். இந்த வாசலில் ஒருமுறைகூட அவர் சந்தேகத்தோடு செருப்பைக் கழற்றவில்லை.

கோகிலவாணி எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் குவாரி ரோட்டுப் பக்கத்துப் பழைய ஊர்க்காரிதான். அவள் அப்பாவும் சுப்பராயலு மாதிரிதான் பேசுவார்.

உள்ளேயிருந்து ஜோனத்தானின் மனைவி தபீதாள் வந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். கையில் கணவரின் போன் இருந்தது.

"நீங்களே பேசுங்க" என்று நீட்டினாள். "இவங்க பேசி போலீஸ் வந்து கூட்டிட்டுப் போறதை நான் பாக்கமாட்டேன். நீங்களே பேசுங்க."

ஜோனத்தான் வாங்கிக்கொண்டார். எண்ணை அழுத்தினார். இன்ஸ்பெக்டரிடம் தன் பெயரைச் சொல்லி, காண்ட்ராக்டர் பெயரைச் சொல்லி, "அந்த சுப்பராயலுவை விட்டுடுங்க சார். அவருக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. எனக்கு அன்னிக்கே தெரியும்" என்றார். முடித்ததும் மனைவியிடம் கேட்டார்: "தாயாரம்மாளைப் பாக்கப் போகும்போது நீயும் வர்றியா?"

"வரேன்" என்றாள் தபீதாள். "ஜெபம் பண்றேன்னு மட்டும் அங்க சொல்லிடாதீங்க."

சுப்பராயலுவைப் பொழுது சாயும் நேரத்தில் விட்டுவிட்டார்கள். அசரியா அவர் வீட்டுக்குப் போனபோது, உடைந்த ஜன்னல்களில் அட்டையை ஒட்டிக்கொண்டிருந்தார். வந்தவரைப் பார்த்தும் வேலையை நிறுத்தவில்லை.

"இன்னா சார், இப்ப இன்னா கண்டுபுட்ச்ச?"

"நீங்க செய்யலைன்னு கண்டுபிடிச்சேன்" என்றார் அசரியா. "தப்பு பண்ணிட்டேன். விசாரிக்காம, உங்களைப் பாத்தே முடிவு பண்ணிட்டேன். மன்னிச்சுடுங்க."

சுப்பராயலு அட்டையின் ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தார்.

"எங்கிட்ட வந்து சொல்றியே, எனக்குத்தான் முன்னயே தெரியுமே, நான் செய்யலன்னு" என்றார். "எனக்கு இன்னாத்துக்கு சார் அது? தெரியாதவன்கிட்ட போய்ச் சொல்லு. எங்க வூட்டு ஜன்னல்ல கல்லு வுட்டான் பாரு, அவன்கிட்ட சொல்லு. எம் பொண்ண ஸ்கூல்ல ஒரு மாதிரி பாத்துச்சுங்க பாரு, அதுங்கோ அப்பன் ஆத்தாகிட்ட சொல்லு."

திட்டியிருந்தால் அசரியா நின்றிருப்பார். அவர் திட்டவில்லை. அசரியா தெருவுக்கு வந்தார். டிவிக்காரனைக் கூப்பிட்டால் வரமாட்டான்; தப்பாகப் பிடித்த ஆளை விட்டதெல்லாம் அவனுக்குச் செய்தி இல்லை. சங்கக் கூட்டம் இனி எப்போது நடக்குமோ. ஒரு மெசேஜ் தட்டிப் போடலாம். தெருவைப் பார்க்காமல், முகத்தைக் காட்டாமல். கை போனுக்குப் போயும் விட்டது.

அப்போது குவாரி ரோட்டில் ஒரு லோடு ஆட்டோ திரும்பியது. மேலே ஒலிபெருக்கி. "நாசிக் வெங்காயம்மா, பெரிய வெங்காயம்மா…"

அசரியா நடுத்தெருவில் நின்று கையைக் காட்டினார்.

"எவ்ளோ சார் வேணும்?"

"வெங்காயம் வேணாம். மைக் வேணும்."

ஆட்டோக்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார். கோகிலவாணி குனிந்து அவர் காதில் ஏதோ சொன்னாள். அவர் பதிவுக் குரலை அணைத்துவிட்டு மைக்கை எடுத்து நீட்டினார்.

"என் பேர் அசரியா" என்று அவர் ஆரம்பித்தபோது தன் குரலே தெருமுனையில் மோதித் திரும்பி வந்தது. மாடிகளில் துணி எடுத்துக்கொண்டிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். டீக்கடையில் பேச்சு நின்றது. "துப்பறியறவன். சுப்பராயலு வெடி வெச்சார்னு உங்க எல்லார் முன்னாடியும் சொன்னவன் நான்தான். அவர் வைக்கல. வெடிச்சது வேற இடம், வெச்சது வேற ஆளு. நான் சரியா விசாரிக்கல. அவரோட பேச்சையும் துணியையும் பாத்து முடிவு பண்ணிட்டேன். அவர் மேல தப்பு இல்ல. தப்பு எம்மேல."

யாரும் கைதட்டவில்லை. ஒரு மாடியில் ஜன்னல் சாத்தப்பட்டது. டீக்கடை வாசலில் நின்ற இரண்டு பேர் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனார்கள். அசரியாவுக்குச் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. மைக்கைத் திருப்பிக் கொடுத்தார்.

ஆட்டோக்காரர் வாங்கவில்லை. "இந்த ரோடு மட்டும் போதுமா சார்? பின்னாடி இன்னும் நாலு தெரு கீது. அங்கயும் அந்த வீடியோவப் பாத்தாங்கோ. நானே பாத்தேன்."

அசரியா கோகிலவாணியைப் பார்த்தார். அவளிடமிருந்து ஒரு கிண்டல் வந்தால் தேவலை போலிருந்தது. அவள் வெங்காய மூட்டையைக் கொஞ்சம் தள்ளி, அவர் ஏறி உட்கார இடம் பண்ணினாள்.

ஆட்டோ அடுத்த தெருவுக்குள் திரும்பியது. அசரியா மைக்கை வாயருகே கொண்டுபோய், தன் பெயரிலிருந்து மறுபடி ஆரம்பித்தார்.